சாமி இல்லாத காடி

உங்கள் வாயில் முதல் கெட்ட வார்த்தையைப் போட்டது யார்? பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்று கதை விட வேண்டாம். நன்றாக யோசியுங்கள். அதை முதலில் கேட்டபோது உங்கள் கால் தரையில் இருந்ததா, சீட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததா?

எனக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் செட்டுக்கு வயதாகிவிட்டது. இருபத்து நான்கில் இடுப்பு வலிக்கிறது, நம் குரூப்பில் ஒருவனுக்கு உச்சியில் முடி இல்லை. ஆகவே பெரியவர்கள் என்ற உரிமையில் பழங்கதை பேசலாம். நான் ஒன்றாம் ஆண்டில் சேர்வதற்கு முந்தைய மழைக்காலம் அது. மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டும், நான்கு மணிக்குக் கொட்டும், ஐந்து மணிக்குத் தவளை கத்தும். அந்த வருடம் நான் கற்றுக்கொண்ட முதல் கால அட்டவணை அதுதான்.

நாங்கள் இருந்தது ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். பெயர்தான் தோட்டம். ரப்பர் பால்மரத்தை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், பிறகு இடத்தை யாருக்கோ விற்றார்கள், அவர் வேறு யாருக்கோ விற்றார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களை மட்டும் யாரும் வாங்கவில்லை. அப்பா கல் லோரி ஓட்டினார். மலை உடைக்கிற இடத்தில் ஜல்லி ஏற்றி, வீடு கட்டுகிற இடத்தில் கொட்டுவார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இருந்தார். கையுறைக்குள் காற்றை அடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும்.

அம்மா ஈப்போ டவுன்காரி. அப்பா பிறந்ததே லயத்தில். அவர்களின் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் யாரும் வரவில்லை. நான் பிறந்த பிறகுதான் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஒரு ஜோடித் தங்க வளையலோடு வந்து பேச ஆரம்பித்தார். அரசாங்க ஆபிஸ் வேலை, பளபளவென்ற காலணி, பேனா குத்திய சட்டை. அம்மாவைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்தான்.

“எங்க இருந்தாலும் நம்ம வீட்டு வளர்ப்பு மாறல பாரு. ஒரு அதிர்ந்த பேச்சு உண்டா எந்தங்கச்சிகிட்ட?”

அந்த மழைக்காலத்தில் மாமா ஒரு யோசனையோடு வந்தார். பள்ளி திறந்ததும் நான் ஈப்போவில் அவர் வீட்டில் இருந்து படிக்க வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் தோட்டம்.

“இங்கயே வளந்தா வாயி கெட்டுரும். தோட்டத்து வாயி எப்படின்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

அம்மா, “பாக்கலாம்ணே,” என்றார். மறுநாள் லோரியில் அப்பாவிடம், நான் ஈப்போவுக்குப் போகமாட்டேன் என்று சொன்னேன். அவர் கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்:

“போவ வேணாம்னா போவ வேணாம்லா. யாரு ஒன்ன கட்டி இழுத்துட்டுப் போறா?”

எனக்கு அது போதுமாக இருந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

இப்போது அந்த லோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே டீசலும் ஈரத்துண்டும் எலுமிச்சையும் சேர்ந்த வாடை. கண்ணாடிக்குக் கீழே முனீஸ்வரர் சாமி உட்கார்ந்திருப்பார், உள்ளங்கை அளவு, பெரிய மீசை. முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், பற்றவைக்காத ஒரு சுருட்டு. கல் லோரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அப்பாவுக்கு அது அலங்காரம் இல்லை. ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே லோரிக்குள் கெட்ட வார்த்தை கிடையாது. அவ்வளவுதான் சட்டம். எவனாவது குறுக்கே வந்தால் அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கும், கை ஸ்டீயரிங்கை முறுக்கும், பிறகு வாய் திறக்கும்.

“நல்லா இருடா ராசா. நூறு வயசு இருடா.”

நான் ஒருமுறை ‘போடா’ என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். அப்பா லோரியை ஓரம் கட்டினார்.

“ஐயா முன்னால ஒக்காந்திருக்காரு தெரியுதுல்ல? சாமி இருக்குற எடத்துல அப்படிப் பேசக் கூடாது.”

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சாமி இருக்கும் இடத்தில் பேசக் கூடாது. ஆறு வயதுக்கு அந்த வாக்கியத்தில் இன்னொரு பாதி இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. சாமி இல்லாத இடத்தில் பேசலாம்.

அம்மாவின் காடியில் சாமி இல்லை. எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம். அது நான்காவது கைக்கு வந்த சிவப்புக் காடி. இடப்பக்கக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உடைந்துபோய், அதற்குப் பதில் ஒரு ஸ்பேனரை மாட்டிவைத்திருந்தார்கள். வைப்பர் ஒன்று துடைக்கும், இன்னொன்று அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். வாசனைக்குப் போட்ட பாண்டான் இலைக் கட்டு ஒன்று பின் சீட்டில் காய்ந்து கிடக்கும். ஏன் இங்கே சாமி இல்லை என்று கேட்டேன்.

“இந்த ஓட்டக் காடிக்கு சாமி வேறயா? வந்து ஒக்காந்தா அவருக்குல்ல பயமா இருக்கும்,” என்றார் அம்மா.

அந்தக் காடியில்தான் அம்மா என்னைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். கதவு சாத்துகிற வரைக்கும் அவர் மாமா சொல்லும் தங்கச்சி. பக்கத்து லயத்து அக்காவிடம் “சாப்டிங்களாக்கா, காலு வலி எப்படி இருக்கு” என்று மெல்லக் கேட்பார். கதவு சாத்தியதும் வேறு ஆள். கத்த மாட்டார், ஹாரன்கூட அடிக்க மாட்டார். வானொலியில் விலைவாசி வாசிப்பது போல ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசிக்கொண்டே போவார்.

“சிக்னலு போடாம திரும்புறான், பன்னாட. இந்தா வந்துட்டான் இன்னொருத்தன், இவன் பரதேசி. ஏய் பாங்காங், பச்ச விழுந்து எவ்ள நேரமாச்சி, நட்டுவச்ச மரமாட்டம் நிக்கிறான்.”

பாங்காங் மலாய் வார்த்தை. மடையன் என்பதைவிட ஒரு படி மேலே. அம்மாவிடம் இதற்கெல்லாம் தரவரிசை இருந்தது. மோட்டார்காரனுக்குப் பரதேசி, வேன்காரனுக்கு எருமை, சின்னக் காடிக்குப் பன்னாடை, விலையுயர்ந்த காடிக்கு மட்டும் ‘பாங்காங் பன்னாட’ என்று இரண்டையும் சேர்த்து. நான் பின்னால் உட்கார்ந்து உதடு அசைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் கற்றுக்கொடுப்பதெல்லாம் வீண் வேலை. தினமும் அரை மணி நேரம் ஒரே சாலையில் ஓட்டினால் போதும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமா வீட்டில் சாப்பாடு. ஈப்போவில் தாமான் என்கிற குடியிருப்பில் மூலை வீடு, வெள்ளைத் தரை, சோபா மேல் பிளாஸ்டிக் உறை. தொடை ஒட்டிக்கொண்டு, எழுந்தால் சத்தம் வரும் உறை. கண்ணாடி அலமாரியில் பல ஊர்களில் வாங்கிய சாவிக்கொத்துகள், ஒன்றிலும் சாவி இல்லை. மாமி ஆட்டுக்கறிப் பிரட்டல் வைத்திருந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு சோபா நுனியில் இருந்தார். அந்த வீட்டில் அவர் எப்போதும் நுனியில்தான் உட்காருவார்.

டிவியில் ஏதோ கார்ட்டூன். மாமாவின் மகன், என்னைவிட நான்கு வயது பெரியவன், டிவிக்கு நேராக வந்து நின்றான். நகரச் சொன்னேன். நகரவில்லை. நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் கடிகாரம், மாமா பட்டம் வாங்கிய படம், பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து. சாமி அறை தனியாகப் பின்னால் இருந்தது, கதவு சாத்தியிருந்தது. சட்டப்படி தடை இல்லை. அப்படியே அம்மாவின் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னேன்.

“நவுருடா பாங்காங் பன்னாட. நட்டுவச்ச மரமாட்டம் நிக்கிற.”

அவன் நகர்ந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

மாமி கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். மாமா குவளையை வைத்தார்.

“எங்க கத்துக்கிட்ட இத?”

நான் பதில் சொல்லவே தேவைப்படவில்லை. அதற்குள் எல்லாரும் அப்பாவைப் பார்த்துவிட்டார்கள். மாமா பார்த்தார், மாமி பார்த்தார், மாமாவின் மகன்கூடப் பார்த்தான். அம்மா மட்டும் தரையைப் பார்த்தார்.

“லோரியில ஏத்திக்கிட்டுப் போவாதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன் மாப்ள. பொம்பளப் பிள்ள. நாளைக்கி இவள எவன் மதிப்பான்?”

நான் வாயைத் திறந்தேன். லோரியில் அப்படிப் பேச முடியாது, அங்கே ஐயா இருக்கிறார் என்று சொல்லத்தான். அப்பா என் தொடைமேல் கை வைத்து லேசாக அழுத்தினார்.

“என் தப்புதான் மச்சான். வாயில வந்துருது. லோரிக்காரன் வாயி.”

“இப்பயாச்சும் ஒத்துக்கிட்டீங்களே. அப்ப பிள்ள இங்கதான் இருக்கணும். என்ன சொல்றீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை.

“சரி மச்சான்,” என்றார் அப்பா.

பிள்ளைக்கு இன்னும் சின்ன வயசுதான், இங்கே வந்தால் ஒரே மாசத்தில் மாறிவிடும் என்று மாமி ஆறுதல் சொல்லி எனக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார். கறி நன்றாகவே இருந்தது. சாப்பிட்டேன்.

திரும்பும்போது அம்மா ஓட்டினார். அப்பா முன் சீட்டில், முட்டி டேஷ்போர்டில் இடிக்க. மழை. ஒரு பெரிய வெள்ளைக் காடி சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. பாங்காங் பன்னாடை வகை. நான் காத்திருந்தேன். அம்மா பிரேக்கை மட்டும் மிதித்தார்.

“சொல்லிரு. தொண்டையில நிப்பாட்டி வச்சா ஒடம்புக்கு ஆவாது,” என்றார் அப்பா.

அம்மா சொல்லவில்லை. வைப்பர் அழுக்கை இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் வேலைகளில் ஓடின. நீலச் சீருடை தைக்கக் கொடுத்தார்கள், வெள்ளைக் காலணி வாங்கினார்கள். மாமாவின் உத்தரவுப்படி லோரியில் என்னை ஏற்றுவது நின்றது. யோசித்துப் பாருங்கள், ஊரிலேயே கெட்ட வார்த்தை இல்லாத ஒரே வண்டி அதுதான். அதிலிருந்து என்னை இறக்கி, முழு நேரமும் காடியில் ஏற்றிவிட்டார்கள். பெரியவர்களின் சீர்திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

காடியில் அம்மா இப்போது பேசுவதில்லை. எவனாவது குறுக்கே வந்தால் ‘ம்’ என்பார். எனக்குப் போரடித்தது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடவில்லை, அதுதான் விநோதம். அம்மா அப்பாவின் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடுவார். அப்பா, “போதும்மா, கல்லு ஏத்தப் போறவனுக்கு,” என்பார்.

அம்மாவிடம், நான் மாமா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொன்னேன். அழுது சொன்னேன், பட்டினி கிடந்து சொன்னேன், காலணி ஒன்றைச் சாக்கடையில் போட்டுச் சொன்னேன். அம்மா காலணியை எடுத்துக் கழுவிக் காயவைத்தார்.

மாமா என்னை அழைத்துப்போக வந்த நாள், செமோரில் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை நாள். பொழுது சாய்வதற்குமுன் கடைகளை விரித்துவிடுவார்கள். மாமாவின் காடி செம்மண் பாதையில் சக்கரம் முழுக்கச் சேறோடு வந்து நின்றது. ஏற்கெனவே எரிச்சல். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்து லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து, மழைக்கு நிற்பது போல நின்றார்கள். மழை இல்லை.

மாமா அவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“வாரக் கடைசியில பிள்ள வந்தா, பாத்துப் பேசுங்க மாப்ள. அஞ்சு நாளு நாங்க சுத்தம் பண்ணி அனுப்புறத ரெண்டு நாள்ல நீங்க சாக்கடையாக்கி அனுப்பாதீங்க. இல்ல, வாயத் தொறக்கவே தொறக்காதீங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

அப்பா, “சரி மச்சான்,” என்றார். இந்த மனிதருக்கு அந்த ஆண்டு முழுக்க அது ஒன்றுதான் வசனம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் என் காலணி.

“அண்ணே, அவரு இல்ல. நான்.”

“என்னா?”

“பிள்ள எங்கிட்டதான் கத்துக்கிச்சு. அவரு அப்படிப் பேச மாட்டாரு. நான்தான் பேசுவேன்.”

மாமா சிரித்தார். “புருஷன விட்டுக்குடுக்க மாட்ட. அது நம்ம வீட்டு வளர்ப்பு. சரி, பிள்ளய ஏத்து.”

அம்மா காலணியை வாசலில் வைத்தார். சாவியை எடுத்தார்.

“காடியில ஏறுங்க.”

“எதுக்கு?”

“செமோருக்குப் போயிட்டு வந்துருவோம். ஏறுங்கண்ணே.”

நான் யாரும் சொல்லாமலே பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். மாமா அந்த முன் சீட்டில் மடங்கி உட்கார்ந்தார், பளபளத்த காலணியைக் காய்ந்த மண்மேல் எங்கே வைப்பதென்று தெரியாமல். அம்மா, பெல்ட் போடுங்கண்ணே என்றார். முக்கியச் சாலைக்கு வரும் வரை அம்மா குழிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். மாமா வென்றுவிட்டதாக நினைத்திருப்பார். கடைத்தெரு ஆரம்பித்தது. ஒரு வேன் நடுச்சாலையில் நின்று, டிரைவர் ஜன்னல் வழியாக ஆப்பம் வாங்கிக்கொண்டிருந்தான்.

“இங்க பாருங்கண்ணே, எரும,” என்று ஆரம்பித்தார் அம்மா, அதே விலைவாசிக் குரலில். “வேன நடுரோட்டுல நிப்பாட்டிட்டு ஆப்பம் வாங்குது. நவுருடா. நவுர மாட்டான். ஆத்தா வயித்துலயும் பத்து மாசம் முடிஞ்சி நவுராமத்தான் கெடந்திருப்பான். நெம்பி எடுத்திருப்பாங்க.”

மாமா திரும்பிப் பார்த்தார்.

தெரிந்த அக்கா ஒருத்தி குடையோடு கடந்தார். அம்மா ஸ்பேனரை எட்டிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். “என்னக்கா, பாசாருக்கா? மழ வருது, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க.” கண்ணாடி ஏறியது. “அடுத்து வாரான் பாருங்க, பன்னாட, ஒருவழியில எதுத்தாப்ல வாரான். லைட்டு வேற அடிக்கிறான் எனக்கு. வாடா, வந்து என் மடியில நிப்பாட்டு.”

“தங்கச்சி, பின்னால பிள்ள இருக்கு.”

“அவளுக்கு எல்லாம் தெரியும்ணே.”

ஒரு மோட்டார் இடுக்கில் நுழைந்து கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அம்மா மூச்சு வாங்க ஒரு கணம் தாமதித்தார். நான் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“பரதேசி.”

“ஆமா. பரதேசி,” என்றார் அம்மா.

மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நெரிசலில் காடி நின்றது. பக்கத்தில் சாத்தே சுடும் புகை, கரும்பு பிழியும் சத்தம். மாமா வெகுநேரம் முன்னால் நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

“நம்ம அப்பாவும் இப்படித்தான். கத்த மாட்டாரு. படிக்கிற மாதிரி சொல்லுவாரு.”

நான் அதுவரை கேட்டிருந்ததெல்லாம், அம்மாவின் அப்பா ‘போக்குவரத்தில்’ இருந்தார் என்பதுதான். மாமா அப்படித்தான் சொல்வார், ஏதோ இலாகாவையே நடத்தியவர் மாதிரி. உண்மையில் தாத்தா டவுன் பஸ் ஓட்டியிருக்கிறார். அம்மாவுக்கு ஐந்து வயதில் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகளையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து ஈப்போவைச் சுற்றியிருக்கிறார்.

“நீ அப்ப ரொம்பச் சின்னப் பிள்ள. ஒனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?” என்றார் மாமா.

“அவரு மொகம் எனக்கு ஞாபகமில்லண்ணே. இதுதான் இருக்கு.”

பேருந்து நகர்ந்தது. அம்மா கியரைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. யாரும் குறுக்கே வராததால் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கோப்பி கலந்துவைத்திருந்தார். பெட்டி அப்படியே மாமாவின் காடிக்குப் பக்கத்தில் நின்றது. மாமா நின்றபடியே கோப்பியைக் குடித்தார். கடைசிவரை குடித்து, அடியில் தங்கிய சீனியைச் சுற்றிக் குடித்து, குவளையை அப்பாவின் கையிலேயே கொடுத்தார்.

“பிள்ள இங்கயே இருக்கட்டும் மாப்ள. பள்ளிக்கூடம் இங்கயும் இருக்குல்ல.”

“சரி மச்சான்.”

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தச் சேற்றில் காடியைத் திருப்ப அவருக்கு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அப்பா பின்னால் நின்று கையைக் காட்டினார். பெட்டியை நானே உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பாவிடம் கேட்டேன். ஏன் அந்தப் பழியை வாங்கிக்கொண்டீர்கள், என்னையே தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு. அவர் டயரில் சிக்கிய கல்லைக் கம்பியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

“உங்கம்மாவ அவங்க வீட்டுல எல்லாரும் நல்ல பிள்ளன்னு நெனச்சாங்க. என்ன யாரும் அப்படி நெனச்சதில்ல. எனக்கு என்னா நட்டம்?”

“நான் போயிருந்தா?”

“அது தப்புக் கணக்குதான். ரெண்டு நாள்ல அழுது திரும்பிருவன்னு நெனச்சேன். அப்பறம் அந்த ரெண்டு நாள நெனச்சிட்டு ஒழுங்கா சாப்டல.” கல் தெறித்து விழுந்தது. “சொல்லணும்னா உங்கம்மாதான் சொல்லணும். நான் எப்படிச் சொல்றது?”

அம்மா வேலையை விட்டுவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. காடியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். எவனாவது குறுக்கே வந்து, நான் மூச்சு வாங்கினால், அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.